ஊசித் தேதி

முற்றிய புராஸ்டேட் புற்றுநோயோடு எங்கள் காஞ்சிபுரம் பக்கத்து ஆண்கள் மருத்துவரிடம் வரும்போது, சிறுநீர்த் தொல்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. முதுகு வலி, இடுப்பு வலி என்றுதான் வருவார்கள். தாமல், பாலுசெட்டிசத்திரம், திருப்புட்குழி, ஓச்சேரி என்று நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கு முதுகு வலிக்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. நடவு, கரும்புக் கட்டு, நெல் மூட்டை என்று ஏதாவது ஒன்று கைவசம் இருக்கும். அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை நெசவாளிகளுக்குக் குழித்தறி. வலிக்கு ஊசி போட்டுக்கொண்டே ஆறு மாதம் ஓட்டிவிடுவார்கள்.

அப்படி வந்த நெசவாளி ஒருவரை மகனும் மருமகனும் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து தண்டுவடம் தேய்ந்துவிட்டது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கையில் இருந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தேன். தேய்ந்த எலும்பு அப்படி இருக்காது. முதுகெலும்புகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தன. மற்ற பல புற்றுநோய்கள் எலும்பை அரித்து ஓட்டையாக்கும். புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் எலும்பை இப்படி வெளுக்க வைக்கும். கையுறை போட்டு ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்த்தேன். புராஸ்டேட் சுரப்பி கல்லாக இருந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகாத பரிசோதனை. அறுபது தாண்டிய ஆண் ஓயாத முதுகு வலியோடு வந்தால் இதைச் செய்யாமல் அனுப்பக் கூடாது என்று என்னிடம் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கூச்சம் டாக்டருக்கும் இருக்கிறது, நோயாளிக்கும் இருக்கிறது. நோய் வளர்வது அந்தக் கூச்சத்தில்தான்.

சென்னையில் படித்துவிட்டு நான் காஞ்சிபுரத்தில் யூராலஜி பார்க்க வந்தது எண்பதுகளின் கடைசியில். காரப்பேட்டையில் அண்ணா பெயரில் 1969 முதல் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருந்ததால், எலும்பு வலிக்குக் கதிர் சிகிச்சை தேவைப்பட்டவர்களைச் சென்னை வரை அலைய விடாமல் அங்கே அனுப்ப முடிந்தது. புராஸ்டேட் நோயின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை அப்போது எங்கள் பக்கம் எட்டவில்லை. ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற பழைய பரிசோதனையும் கைவிரலும்தான் துணை.

இந்த வைத்தியத்தின் அடிப்படை அன்றும் இன்றும் ஒன்றுதான். 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் கண்டது அது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தினால், எலும்பு வரை பரவிய புராஸ்டேட் புற்றுநோயும் சுருங்கும். 1966இல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எப்படி நிறுத்துவது என்பதில்தான் எனக்குத் தெரிந்து இத்தனை மாற்றங்கள்.

நான் வந்த காலத்தில் ஒரு வழி, பெண் ஹார்மோன் மாத்திரை. ஸ்டில்பெஸ்ட்ரால், ஹான்வான் என்று எழுதிக் கொடுப்போம். விலை மலிவு. ஆனால் காலில் ரத்தம் கட்டும், மாரடைப்பு வரும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, தினம் 5 மில்லிகிராம் ஸ்டில்பெஸ்ட்ரால் இதய மரணங்களைக் கூட்டுகிறது என்று அறுபதுகளிலேயே காட்டியிருந்தது. எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய சங்கடம் மார்பு வீங்குவது. வெற்றுடம்போடு வயலில் இறங்குகிற மனிதர், தோளில் கிடந்த துண்டை எடுத்து மார்பைப் போர்த்திக்கொள்ளத் தொடங்குவார். பிறகு வயலுக்கே போகமாட்டார். கோயில் திருவிழாவில் சட்டையைக் கழற்ற வேண்டிய இடத்துக்கு வரமாட்டார். மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டு, நாள் கழித்து வலியோடு திரும்பி வருவார்.

இன்னொரு வழி அறுவை சிகிச்சை. இரண்டு விதைகளையும் எடுத்துவிடுவது. மரத்துப்போகும் ஊசி போட்டு அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். மேல்உறையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் திசுவை மட்டும் வழித்தெடுக்கும் முறையும் உண்டு. வெளித் தோற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. மறுநாளைக்குள் டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ஸ்ட்ரெச்சரில் வந்தவர் ஒரு வாரத்தில் தானாக எழுந்து கழிப்பறைக்கு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்த மருந்திலும் அவ்வளவு சீக்கிரம் அந்த மாற்றத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் மாடு வைத்திருக்கிற ஊரில் இதை எப்படிச் சொல்வது? தாமல் ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த ஒரு பெரியவர் நேராகவே கேட்டார்.

"டாக்டரே, காளங்கன்னுக்குக் காயடிக்கிறோமே, அதுதானே இது?"

"ஆமாங்க பெரியவரே. பலன் அதேதான். வலி போகணும், நீங்க நடக்கணும். அதுக்காகத்தான்."

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டது இரண்டு கேள்வி. "மீசை கொட்டிடுமா? குரல் மாறிப் பூடுமா?" இரண்டும் இல்லை என்றேன். உடம்பு முடி குறையும், தாடி மெதுவாக வளரும், மீசை இருக்கும். வளர்ந்த ஆணின் குரல் மாறாது. தாம்பத்திய ஆசை போய்விடும் என்பதையும் சொன்னேன். கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி அதுவரை வாயைத் திறக்கவில்லை. "பேரன் பேத்தி எடுத்தாச்சி. நீ எழுந்து நடமாடினா போதும்யா" என்றார். அடுத்த வாரம் வந்து படுத்தார். ஆபரேஷன் முடிந்து ஐந்தாறு வருஷம் ஏரிக்கரையில் நடமாடிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் வேறு மாதிரி. "அப்பாகிட்ட சொல்லாதீங்க சார், குடலிறக்க ஆபரேஷன்னு சொல்லிடலாம்" என்பார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நான் ஒத்துக்கொண்டதே இல்லை. ஒருவருடைய உடம்பிலிருந்து எதை எடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியாமல் எடுப்பதற்கு மகன் போடும் கையெழுத்து செல்லாது. சொன்ன பிறகு மறுத்தவர்கள் சிலர் உண்டு. தெரிந்த பிறகு தைரியமாக வந்தவர்கள்தான் அதிகம்.

டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தும் ஊசி எங்கள் பக்கம் வந்தது தொண்ணூறுகளில். மூளையின் அடியிலிருந்து கிளம்பும் கட்டளை ஹார்மோன் ஒன்றின் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கியூமினும் 1971 வாக்கில் கண்டுபிடித்தார்கள். 1977இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதைப் போலவே செய்த மருந்துதான் லூப்ரோலைடு. 1985இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பின்னால் கோசெரலின். மாதத்துக்கு ஒன்று, அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று. கோசெரலின் ஒரு சிறு குச்சி. தடித்த ஊசியால் வயிற்றுத் தோலுக்கடியில் வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்போது ஓர் ஊசியின் விலை ஒரு கூலித் தொழிலாளியின் பல வாரச் சம்பளம்.

இந்த ஊசியில் ஒரு குணம் உண்டு. டெஸ்டோஸ்டிரோனை நிறுத்துவதற்கு முன்னால், முதல் ஒன்றிரண்டு வாரம் அதை ஏற்றிவிடும். முதுகெலும்பில் நோய் இருப்பவருக்கு அந்த ஏற்றம் ஆபத்து. வேறோர் இடத்தில் முதல் ஊசி போட்டுக்கொண்டு, பத்து நாளில் இரண்டு காலும் விழுந்துபோன ஒருவரை என்னிடம் கொண்டு வந்தார்கள். ஊசிக்கு முன்னாலேயே பைகலூட்டமைடு மாத்திரை தொடங்கியிருந்தால் அந்த ஏற்றத்தை மறித்திருக்கலாம். ஸ்டீராய்டு, கதிர் என்று எல்லாம் செய்தும் அவருக்குக் கால் முழுதாக வரவில்லை. அதனால் ஊசி எழுதுகிற எந்தச் சீட்டிலும் மாத்திரையை மேலே, ஊசியைக் கீழே எழுதுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெகாரெலிக்ஸ் ஊசியில் இந்த ஏற்றம் இல்லை. ஆனால் மாதாமாதம் போட வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஊசி நன்றாகத்தான் வேலை செய்கிறது. தவறுவது தேதி. நடவு வந்தால் ஒரு வாரம் தள்ளும். வைகாசி கருட சேவைக்கு விருந்தாளி வந்தால் தள்ளும். பேத்திக்கு மஞ்சள் நீராட்டு என்றால் மாதமே தள்ளும். தள்ளியதும் வலி வராது. அதனால் தள்ளியது தப்பில்லை என்று மனசு முடிவு செய்துவிடும். உள்ளே டெஸ்டோஸ்டிரோன் மெல்ல ஏறும். டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே கிடக்க வேண்டிய அளவு அதைத் தாண்டிவிடும். பி.எஸ்.ஏ. கூடும்போது, மருந்து கேட்கவில்லை, மருந்தை மாற்ற வேண்டும் என்று விலை உயர்ந்த அடுத்த மருந்துக்கு ஓடுவார்கள். பி.எஸ்.ஏ. ஏறினால் முதலில் டெஸ்டோஸ்டிரோனைப் பாருங்கள் என்பேன். பலருக்கு நோய் மாறியிருக்காது, ஊசி தவறியிருக்கும்.

எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தினசரி காலண்டரில், அடுத்த ஊசி நாளின் தாளைக் கம்பவுண்டரிடம் கேட்டுப் புரட்டி, அதில் மஞ்சளைத் தடவி வைத்துவிடுவார். நாள்தோறும் தாள் கிழிக்கும்போது மஞ்சள் தாள் வந்தால் பஸ் ஏற வேண்டும். அந்த வீட்டுக்காரருக்கு ஒரு தேதிகூடத் தவறியதில்லை. பிறகு மற்ற வீட்டுப் பெண்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் பஸ் நின்றபோது இந்த வைத்தியம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று தெரிந்தது. மாத ஊசிக்காரர்களைத் தொலைபேசியில் பிடித்து, மூன்று மாத ஊசிக்கு மாற்றினோம். சிலர், "போதும் டாக்டர், அந்த ஆபரேஷனையே பண்ணிடுங்க" என்று வந்தார்கள். இன்றும் என் தீர்ப்பு இதுதான்: பஸ் வசதி இல்லாத ஊரில், தனியாக இருக்கும் முதியவருக்கு, விதை நீக்கும் அறுவை சிகிச்சை மட்டமான வைத்தியம் இல்லை. நோயை அடக்குவதில் ஊசிக்கு அது எந்த விதத்திலும் இளைத்ததில்லை. நகரத்து மருத்துவமனைகளில் அப்படி ஒரு வழி இருப்பதையே நோயாளியிடம் சொல்லாமல் விடுகிறார்கள். இரண்டையும் சொல்லி, அவரையே தேர்ந்தெடுக்க விட வேண்டும்.

இன்னொரு சிக்கல், வைத்தியம் ரொம்ப நன்றாகக் கேட்பதால் வருவது. நூற்றுக்கணக்கில் இருந்த பி.எஸ்.ஏ. சில மாதத்தில் புள்ளிக்குப் பின்னால் போய்விடும். மனிதர் பூரித்துப்போவார். "குணமாயிடுச்சி, இனிமே ஊசி எதுக்கு?" இதை விளக்க எங்கள் ஏரிதான் கைகொடுத்தது. மதகை அடைத்தால் கீழே பயிர் வாடும், களையும் வாடும். வாடியது செத்துவிட்டதாக நினைத்து மதகைத் திறந்தால் களைதான் முதலில் தலை தூக்கும். மதகு அடைத்தே கிடந்தாலும், சில களைகள் கிணற்று ஈரத்தைத் தேடி வேர் விடக் கற்றுக்கொள்ளும். அது எப்போது என்பதுதான் எங்கள் கவலை. பாசனக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்காது.

"எப்போது" என்பதற்கு ஒரு கணக்கு 2006இல் அமெரிக்க ஆய்வொன்றில் வந்தது. ஹார்மோன் வைத்தியம் தொடங்கி ஏழாம் மாதம் பி.எஸ்.ஏ. 0.2க்குள் இறங்கியவர்களில் பாதிப் பேர் 75 மாதத்துக்கு மேல் இருந்தார்கள். 0.2க்கும் 4க்கும் இடையே நின்றவர்களுக்கு அது 44 மாதம். 4க்கு மேலேயே நின்றவர்களுக்கு 13 மாதம். அன்றிலிருந்து ஏழாம் மாதப் பரிசோதனையை நான் யாருக்கும் விட்டதில்லை. இந்த எண்ணை வைத்து யாருக்கும் நாள் குறிக்கவும் இல்லை. 13 மாதம் என்ற கூட்டத்தில் சேர்ந்தவர் நான்கு வருஷம் இருந்ததும் உண்டு. யாரை அடிக்கடி வரச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் அது.

டெஸ்டோஸ்டிரோன் இல்லாமல் வருஷக்கணக்கில் வாழும் உடம்பைப் பற்றி மருத்துவர்களே குறைவாகப் பேசுகிறோம். குப்பென்று முகமும் மார்பும் சூடாகி வியர்த்துக் கொட்டும். மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு வருகிற அதே சூடு. காய்ச்சல் என்று நினைத்து ஊசி போட்டுக்கொண்டு வருவார்கள். தொடையும் புஜமும் இளைத்து வயிறு மட்டும் பெருக்கும். சர்க்கரை ஏறும். ரத்தம் குறையும். கண் சட்டென்று கலங்கும். ஊரில் பஞ்சாயத்துப் பேசிய மனுஷன் டி.வி. சீரியல் பார்த்து அழுகிறாரே, புத்தி பேதலித்துவிட்டதா என்று ஒரு மனைவி என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். இல்லையம்மா, மருந்து செய்கிற வேலை, அவரைக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள் என்று சொன்னேன். அடுத்த முறை இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினேன். அவர் அந்த அழுகையை ஆறு மாதமாக மனைவியிடமிருந்து மறைக்கப் பார்த்திருக்கிறார்.

எல்லாவற்றையும்விட எலும்பு. நோய் தொடாத எலும்பும் மெலிந்துபோகும். புற்றுநோய் அடங்கிக் கிடந்த ஒருவர் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, படுக்கையிலேயே நிமோனியாவில் போனார். புற்றுநோயை வென்றுகொண்டிருந்தவர். அதனால் ஊசிச் சீட்டோடு இவற்றையும் எழுதுவேன்: தினம் நடை, முடிந்த அளவு பாரம் தூக்கும் வேலை, கால்சியம், வைட்டமின் டி, புகையிலையை விடுவது, மூன்று மாதத்துக்கொரு முறை சர்க்கரை, ரத்த அழுத்தம். வயல் வேலையை நிறுத்தச் சொல்லும் பிள்ளைகளைத் திட்டுவேன். எலும்பு பலமாக இருக்கிறவரை வேலை செய்யட்டும். எலும்புக்கு ஜோலெட்ரானிக் அமிலம் ஏற்ற வேண்டியிருந்தால் அதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். சொத்தைப் பல்லோடு அந்த மருந்தை ஏற்றிவிட்டுப் பிறகு பல் பிடுங்கினால், தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். வெற்றிலை பாக்கு போடும் வாய்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

2004இலிருந்து மாற்றங்கள் வேகமாக வந்தன. ஊசி கேட்காத நிலைக்குப் போன பிறகு, முன்பெல்லாம் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைத் தொற்றுக்கான மாத்திரை, ஸ்டீராய்டு, பிறகு வலி மருந்து என்று முடிந்துவிடும். 2004இல் டோசிடாக்செல் கீமோ ஆயுளை நீட்டும் என்று நிரூபணமானது. 2011இல் அபிராட்டரோன் வந்தது. விதை இல்லாவிட்டாலும் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியும், புற்றுக் கட்டியுமே ஆண் ஹார்மோன் தயாரித்துக்கொள்கின்றன. கிணற்று ஈரம் என்று நான் சொன்னது இதைத்தான். அபிராட்டரோன் அதையும் அடைக்கிறது. அடுத்த வருஷம் என்சலூட்டமைடு. 2015இல் டோசிடாக்செலையும் 2017இல் அபிராட்டரோனையும் கடைசிவரை காத்திருக்காமல் முதல் ஊசியோடு சேர்த்தே கொடுத்தால் ஆயுள் கூடும் என்று பெரிய ஆய்வுகள் காட்டின. எங்கள் தலைமுறை மருத்துவர்கள் ஒன்று தோற்றால் அடுத்தது என்று படித்தவர்கள். அந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டியிருந்தது.

அபிராட்டரோனின் வழக்கமான அளவு 1,000 மில்லிகிராம், வெறும் வயிற்றில். 2018இல் சிகாகோவிலிருந்தே ஒரு சிறிய ஆய்வு வந்தது, 72 நோயாளிகள். 250 மில்லிகிராம் ஒரே மாத்திரையைக் காலைச் சிற்றுண்டியோடு கொடுத்தபோது பி.எஸ்.ஏ. இறங்குவதில் குறைவு தெரியவில்லை. சாப்பாட்டோடு போனால் இந்த மருந்து உடம்பில் பல மடங்கு சேரும் என்பதுதான் அதன் சூட்சுமம். செலவு கால்வாசி. கையில் காசு இல்லாத குடும்பங்களுக்கு நான் இதைச் சொல்லி, சம்மதம் வாங்கி, கவனமாகக் கொடுத்திருக்கிறேன். ஆனால் யாரும் தானாக அளவைக் குறைக்கவோ, முழு அளவைச் சாப்பாட்டோடு விழுங்கவோ கூடாது. இரண்டாவது விஷமாகிவிடும். கூடவே தரும் பிரட்னிசோலோனை நிறுத்தினால் பொட்டாசியம் இறங்கி, ரத்த அழுத்தம் ஏறி, வேறு வழியில் உயிருக்கு வினையாகும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் உள்நாட்டு மருந்துக் கம்பெனிகளின் மலிவுப் பதிப்புகளும் இல்லாவிட்டால் இந்த மருந்துகளின் பெயரைக்கூட எங்கள் ஊர்களில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

இப்போது நான் தினசரி வைத்தியம் பார்ப்பதில்லை. பழைய நோயாளிகளின் பிள்ளைகள் தொலைபேசியில் கேட்பது இன்னும் ஊசித் தேதியைப் பற்றித்தான். 2021 ஆகஸ்ட் 5 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நோய் முற்றியவர்களுக்கு வீட்டிலேயே வலித்தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு. அதே பட்டியலில் ஹார்மோன் ஊசிக்காரர்களின் பெயரையும் தேதியையும் சேர்க்க வேண்டும். லூப்ரோலைடு ஊசியைப் போட யூராலஜிஸ்ட் தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் போதும். பெரிய மருத்துவமனையில் தொடங்கிய வைத்தியத்தின் அடுத்தடுத்த ஊசிகளை வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட அரசு ஏற்பாடு செய்தால், தாமல்காரர் காஞ்சிபுரத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்காது.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இரண்டு. அடுத்த ஊசித் தேதியை எழுதி வையுங்கள். கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் அடைத்தாலோ, அந்தத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள்.